புதிய ஸ்கூட்டருடன் தரப்பட்ட தரமற்ற தலைக்கவசம் குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இருசக்கர வாகனத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தங்கள் முகவர் விலைக்குத் தந்த தலைக்கவசம் தரமற்றதாக இருப்பதால், அதை மாற்றித் தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் வேலைக்குச் சென்று வருவதற்காகத் தங்கள் நிறுவனத்தின் ஸ்கூட்டர் ஒன்றைச் சென்ற மாதம் மதுரையில் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் வாங்கினேன். வண்டியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதனுடன் தரப்பட்ட தலைக்கவசத்தையும், அதற்குப் பணம் வசூலிக்கப்பட்ட விதத்தையும் பற்றியே இந்தக் கடிதம்.

இருசக்கர வாகனம் வாங்கப்படும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறைக்கு உட்பட்ட தலைக்கவசத்தை அதன் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆவது விதி கூறுகிறது. பொறுப்பு தங்களுடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் முகவர் தந்த விலைப்பட்டியலில் கிராஷ் கார்டு, சீட் கவர், கால் விரிப்பு ஆகியவற்றோடு தலைக்கவசமும் ‘துணைப்பொருள்கள்’ என்ற ஒரே வரியில் அடக்கப்பட்டு, மொத்தமாக ரூ. 4,800 வசூலிக்கப்பட்டுள்ளது. இவற்றில் எதையும் நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னபோது, எல்லா வண்டிகளுக்கும் இவை போட்டே தரப்படும் என்றும், கழற்றச் சொன்னால் வண்டி கைக்கு வரத் தாமதமாகும் என்றும் விற்பனைப் பிரிவினர் கூறினர். நல்ல நாள் பார்த்து வண்டி எடுக்க வந்து நிற்கும் குடும்பம் அந்த நேரத்தில் வாதாடாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பணத்தைக்கூட ஒருபுறம் வைத்துவிடலாம். தரப்பட்ட பொருளை வீட்டில் வைத்துச் சோதித்தபோதுதான் இந்தப் புகாரை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். தலைக்கவசத்தின் ஓட்டுக்கு உள்ளே அடர்த்தியான தெர்மாகோல் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். தலை தரையில் மோதும்போது அந்த அடுக்கு நசுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வதால்தான் மண்டை தப்புகிறது. தாங்கள் தந்ததன் உட்துணியை விலக்கிப் பார்த்தால், விரலால் அழுத்தியவுடன் ஓட்டைத் தொட்டுவிடும் மெல்லிய ஸ்பாஞ்சு மட்டுமே ஒட்டப்பட்டிருக்கிறது. தாடைப் பட்டையின் பூட்டு, கையால் சற்று வலுவாக இழுத்தாலே திறந்துகொள்கிறது. விபத்தில் தலையை விட்டு முதலில் கழன்று ஓடப்போவது இந்தத் தலைக்கவசம்தான்.

பின்புறம் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறையான முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே தயாரிப்பாளரின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்த வில்லையில் தர எண்ணே இல்லை. இருக்கும் உரிம எண்ணை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் உரிமம் இருப்பதாக அது காட்டவில்லை. முத்திரை பெறாத தலைக்கவசங்களைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற மத்திய அரசின் ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சாலையோரத்தில் குடைக்குக் கீழே அடுக்கி விற்பவரிடம் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன். குளிரூட்டப்பட்ட காட்சிக்கூடத்தில், தங்கள் பெயர் பொறித்த பையில் போட்டுத் தரப்பட்டதுதான் என்னால் ஏற்க முடியாதது.

அளவும் பொருந்தவில்லை. என் மகளின் தலைச் சுற்றளவு 56 செ.மீ.; தரப்பட்டதோ 60 செ.மீ. அளவு. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் முகம் திரும்புகிறது, தலைக்கவசம் அங்கேயே நிற்கிறது. வேறு அளவு கேட்டதற்கு, வருவது இந்த ஓர் அளவுதான் என்று பதில் கிடைத்தது. ஸ்கூட்டர் வாங்குவோரில் பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தங்கள் விற்பனைக் கணக்கே காட்டும் என்பதால், இந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை.

தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ரூ. 1,000 அபராதமும், மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு. தாங்கள் தந்ததை அணிந்து சென்றால் சோதனையில் நிற்கும் காவலர் விட்டுவிடுவார், தார்ச்சாலை விடாது.

ஆகவே, என் மகளின் அளவுக்குப் பொருந்துகிற, செயலியில் சரிபார்க்கக்கூடிய உரிம எண் கொண்ட தலைக்கவசத்தைத் தனிக் கட்டணமின்றி வழங்க வேண்டும். கேட்காமல் திணிக்கப்பட்ட துணைப்பொருள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவற்றுக்கான தொகையைத் தர வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, இதே முகவரிடம் இதே தலைக்கவசத்தைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களைத் தங்கள் பதிவேட்டைக் கொண்டு தொடர்புகொண்டு, அதை அணிய வேண்டாம் என்று தெரிவித்து மாற்றித் தர வேண்டும். எனக்கு மட்டும் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் புகாரை முடித்ததாகக் குறித்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

விலைப்பட்டியலின் நகல், முத்திரையின் நிழற்படம், செயலித் திரையின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தலைக்கவசம் என்னிடமே இருக்கும். தங்கள் பொறியாளர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், ஆனால் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை அதைக் கையளிக்க மாட்டேன். முத்திரை குறித்து அமைவனத்துக்குத் தனியே புகார் அனுப்பியிருக்கிறேன். 30 நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தங்களையும் முகவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்