ஊசி குத்தியதைச் சொல்ல வைப்பது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ செவிலியர் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பணியாளர்களின் உடற்பரிசோதனையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். கழிவுப் பைகளைக் கட்டித் தூக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களிடமிருந்து தொடங்கு என்பேன். மருத்துவர்கள் சற்றுக் காத்திருக்கட்டும்.

சென்ற ஆண்டு எங்கள் வார்டில், வெள்ளை நிறக் கலனுக்குப் போயிருக்க வேண்டிய ஊசியை யாரோ சிவப்புப் பையில் போட்டுவிட, அதைத் தூக்கிய பெண்ணின் விரலில் அது ஏறிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவள் மூன்றாம் நாள்தான் என்னிடம் வந்தாள். "சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா" என்றாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, தொடங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் என்னை அதைவிடக் கலங்கடித்தது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூறில் முப்பது வரை போகலாம். அவளது கோப்பில் அந்தத் தடுப்பூசியின் ஒரே ஒரு தவணைதான் பதிவாகியிருந்தது. ஆறு மாதம் கழித்து எல்லாப் பரிசோதனைகளும் நெகட்டிவ் என்று வந்ததை எங்கள் திறமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும் என்கின்றன. பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பணியாளர்களுக்கு உடற்பரிசோதனை நடத்தவும் சொல்கின்றன. நடைமுறையில், ஒப்பந்ததாரர் மாறும்போது கோப்பும் அவரோடு போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் 0, 1, 6 மாதங்கள் என்ற தவணைக் கணக்கு பாதியில் அறுந்துவிடுகிறது. ஆகவே பதிவேட்டை உன் அலுவலகத்திலேயே வைத்துக்கொள். கடைசித் தவணைக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருளின் அளவு பத்துக்குக் (mIU/mL) குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்காதே. இந்தச் சோதனைக்கு வராமல் நழுவுகிறவர்கள் பெரும்பாலும் மூத்த மருத்துவர்கள்தாம்!

காசநோய்க்காக எல்லோருக்கும், கையில் போட்டு அந்த இடம் தடிக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசி போடலாமா என்று கேட்டிருந்தாய். நம் நாட்டில் பலரின் உடலில் அக்கிருமி உறங்கிக் கிடப்பதால், கை தடித்தது என்பதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, எடை குறைகிறதா என்று கேட்டு, ஆம் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் எடுப்பதே பயன் தரும்.

பரிசோதனை முடிவைக் காரணம் காட்டி எவரையும் நீக்கக் கூடாது என்ற வரியை உங்கள் ஒப்பந்தப் படிவத்தில் சேர்க்க நிர்வாகத்திடம் கேட்டுப் பார். எங்கள் நிர்வாகத்திடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் இன்னும் பதில் இல்லை. உன் பக்கம் நடந்துவிட்டால் அதன் நகலை எனக்கு அனுப்பு. மூன்றாவது மனுவோடு இணைக்க உதவும்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி