முரண்பாட்டை எங்கள் கண்ணில் படாமல் மறைக்காதீர்கள்

அடுத்த பெருந்தொற்றின்போது அரசுகளுக்கு ஆலோசனை சொல்ல உட்காரப்போகும் நிபுணர் குழுக்களுக்கு,

வணக்கம்.

கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்த மடல் என்று நீங்கள் கேட்கலாம். ஓய்ந்திருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். அடுத்தது வந்துவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்களுக்கும் பொறுமை இருக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். 'அறிவியல் சொன்னதைச் செய்கிறோம்' என்று சொல்லி நழுவாதீர்கள். ஒரு கிருமி எப்படிப் பரவும், யாரை அதிகம் கொல்லும் என்பதை அறிவியல் சொல்லும். பள்ளியை மூடினால் பரவல் எவ்வளவு குறையும் என்பதையும் தோராயமாகச் சொல்லும். அந்தக் குறைவுக்காக ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்பை விட்டுக்கொடுக்கலாமா என்ற கேள்விக்கு எந்த ஆய்வகத்திலும் விடை கிடையாது. அங்கே யாரோ சிலர் உட்கார்ந்து, இது முக்கியம், அது அப்புறம் என்று தீர்மானிக்கிறார்கள். தீர்மானிக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் எதை எதற்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

தடுப்பூசி வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் கையில் இருந்த ஊசி கொஞ்சம், காத்திருந்தவர்கள் கோடிக்கணக்கில். பிரிட்டன் வயதைப் பிடித்துக்கொண்டது: முதலில் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் அவர்களைக் கவனிப்பவர்களும், அடுத்து 80 வயதைத் தாண்டியவர்களும் மருத்துவப் பணியாளர்களும், பிறகு படிப்படியாகக் கீழே. இந்தோனேசியா மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்து 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் வாங்கிய ஊசியை முதியவர்களிடம் சோதித்த தரவு அப்போது போதவில்லை என்பது ஒரு காரணம். வெளியே நடமாடுபவர்களைக் காத்தால் பரவலும் தடைபடும், பொருளாதாரமும் எழுந்து நிற்கும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் வயதானவர்கள் முதலா, வேலைக்குப் போயே தீரவேண்டிய தொழிலாளர்கள் முதலா என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் 75 வயதைத் தாண்டியவர்களையும் முன்களத் தொழிலாளர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி முடித்தார்கள்.

மூன்று நாடுகளும் ஒரே கிருமியைத்தான் எதிர்கொண்டன. முதியவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்பது மூன்றுக்கும் தெரியும். அப்படியிருந்தும் மூன்று வரிசைகள். உயிரிழப்பைக் குறைப்பதா, பரவலைக் குறைப்பதா, ஆபத்தான வேலையில் இருப்பவருக்குச் செலுத்த வேண்டிய கடனை முதலில் தீர்ப்பதா என்பதில்தான் வேறுபாடு. மூன்றுமே கௌரவமான காரணங்கள். எனக்குப் பிரிட்டனின் வரிசைதான் சரி என்று படுகிறது. வேறு வரிசையைக் கேட்டவரை அறிவியல் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, எண்ணிக்கை. தினமும் மாலையில் எது எண்ணப்பட்டதோ அதுதான் ஜெயித்தது. இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் இறந்தார்கள் என்று திரையில் ஓடியது. இன்று இத்தனை குழந்தைகளுக்கு ஊசி தவறியது என்று ஒரு நாளாவது ஓடியதா? 2021இல் உலகம் முழுக்க 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பூசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகியவற்றுக்கான ஊசி) ஒரு தவணையையாவது தவறவிட்டிருந்தார்கள். காசநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்து, 2020இல் திரும்ப ஏறியது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது வருடாந்திர அறிக்கைகள். பள்ளிகள் மூடிய உச்சத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்ன வகுப்புகளைத் திறந்துவிட்டது. வேறு பல இடங்களில் மதுக்கூடங்கள் திறந்த பிறகும் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. மதுக்கூட முதலாளிக்குச் சங்கம் உண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது?

எதிர்ப்பை அடக்கினால் அது போய்விடும் என்று நினைக்கிறீர்களா? 2014இல் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் எபோலாவில் இறந்தவர்களின் உடல்களை எரிக்க உத்தரவு போட்டார்கள். மருத்துவக் கணக்கில் அது சரிதான், எபோலாவில் இறந்தவரின் உடல் மிகவும் ஆபத்தானது. ஆனால் அந்த மக்கள் புதைப்பவர்கள். முகம் காட்டாமல், பிரார்த்தனை இல்லாமல், போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லாமல் ஒருவரை எரிப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. என்ன நடந்தது? நோயாளிகளை வீட்டுக்குள்ளேயே மறைத்தார்கள், உடல்களை ரகசியமாகப் புதைத்தார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவே தொற்றை வீட்டுக்குள் தள்ளியது. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்குப் புதிய நெறிமுறை வெளியிட்டது. குடும்பத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மதப் பெரியவர்களைக் கலந்து, பாதுகாப்பும் மரியாதையும் கெடாமல் அடக்கம் செய்வது எப்படி என்று அதில் இருந்தது. உடலைத் தொட முடியாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் பிரார்த்தனைக்கு இடம் கிடைத்தது. அந்தச் சமரசத்தை முதல் நாளே பேசியிருக்கலாம்.

2020 அக்டோபருக்கு வருவோம். கிரேட் பாரிங்டன் பிரகடனம் என்ற பெயரில் பேராசிரியர்கள் மூவர், ஆபத்தில் இருப்பவர்களை மட்டும் பாதுகாத்து மற்றவர்களை நடமாட விடுங்கள் என்று எழுதினார்கள். பத்து நாளில் அதை மறுத்து வேறு விஞ்ஞானிகள் எழுதிய ஜான் ஸ்னோ குறிப்பாணை வந்தது. எனக்கு அந்தப் பிரகடனம் ஒப்பவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் தூங்கும் பாட்டியை எப்படித் தனியாகப் பாதுகாப்பது என்பதற்கு அதில் உருப்படியான பதில் இல்லை. ஆனால் அன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநராக இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ், அவர்களை ஓரத்தில் நிற்கும் சிலர் என்று குறிப்பிட்டு, உடனே கடுமையான மறுப்பு வெளிவர வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதினார். 2023இல் அதே காலின்ஸ், தங்கள் துறையினர் உயிரைக் காப்பதற்கு அளவற்ற மதிப்பும் மக்களின் வாழ்க்கை, பொருளாதாரம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை குலைவதற்குப் பூஜ்ய மதிப்பும் கொடுத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் இந்தப் பேச்சு மூன்று வருடம் முன்பு எங்களுக்குத் தேவைப்பட்டது.

வெளியே சண்டை போட்டால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்பது உங்கள் பயம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020 டிசம்பர் கடைசியில் பிரிட்டன் இரண்டாம் தவணையை 12 வாரம் வரை தள்ளிப்போட்டது. நிறையப் பேருக்கு முதல் ஊசியாவது போடலாம் என்பது கணக்கு. ஃபைசர் ஊசி சோதனையில் இருந்த இடைவெளியோ 21 நாள். மருத்துவர் சங்கம் எதிர்த்தது, ஃபைசர் நிறுவனம் அவ்வளவு நீண்ட இடைவெளிக்குத் தன்னிடம் தரவு இல்லை என்றது, எல்லாம் செய்திகளில் வந்தது. மக்கள் குழம்பி ஓடிவிட்டார்களா? வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். காரணம் என்ன, எங்கே சந்தேகம் என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்கள். அதே பிரிட்டனில் அரசுக்கு அறிவியல் ஆலோசனை சொன்ன 'சேஜ்' குழுவின் உறுப்பினர் பட்டியல் 2020 மே மாதம்தான் அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது. முதல் அலையின் உச்சம் அதற்குள் கடந்துவிட்டது. குழுவில் யார் யார் என்று அதற்கு முன் கிளம்பிய வதந்திகளுக்கு யார் பொறுப்பு?

உங்கள் இன்னொரு பயம் நியாயமானது. பெயர் வெளியே தெரிந்தால் மிரட்டல் வருகிறது. 'நேச்சர்' இதழ் 2021இல், கொரோனா பற்றி ஊடகங்களில் பேசிய 321 விஞ்ஞானிகளிடம் கேட்டபோது 15 சதவீதம் பேர் கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். இது வெட்கக்கேடு. அதற்குக் காவல்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அரசு உங்களைக் காக்க வேண்டும். வேண்டுமானால் பெயரை மறையுங்கள், வாதத்தை மறைக்காதீர்கள்.

ஆகவே, முதல் கூட்டத்திலிருந்தே குறிப்புகளை ஒரு வாரத்துக்குள் வெளியிடுங்கள். பெரும்பான்மை முடிவோடு மாற்றுக் கருத்தும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கிருமியியல் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் பள்ளி, மனநலம், வழக்கமான தடுப்பூசி, கூலி வேலை ஆகியவற்றை அறிந்தவர்களையும் உட்காரவையுங்கள். சும்மா கருத்துக் கேட்டு அனுப்பிவிடாமல், வாக்கு உள்ளவர்களாக. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காலாவதி தேதி போடுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் நீட்டிப்பவர் காரணம் எழுதட்டும். இந்தக் கட்டுப்பாட்டால் யார் எதை இழக்கிறார்கள் என்ற கணக்கும் மாலைதோறும் திரையில் வரட்டும், இறப்பு எண்ணிக்கைக்குக் கீழேயே.

2025 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கிருமி மாதிரிகளைக் கொடுக்கும் நாடுகளுக்கு ஊசியில் என்ன பங்கு என்ற சிக்கலான பகுதியை மட்டும் பிற்சேர்க்கைக்குத் தள்ளிவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டது. முன்னுரிமைச் சண்டையின் அடுத்த சுற்று அங்கேதான். அதையாவது கதவைத் திறந்துவைத்து நடத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டு நடந்த ஒருவர்