சட்டத்துக்குள் இருந்த ஊதா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் மாறியது சந்தோசம். இங்கே மழை விட்டபாடில்லை, வாவி நிரம்பிக் கிடக்கிறது. முழங்கால் உளைவைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

விறாந்தைச் சுவர் ஊறுகிறதென்று நேற்று நீ கல்லடிப் பாலத்தடியில் கீறிய தோணிப் படத்தைக் கழற்றினேன். வெயில் படுகிற இடத்தில் இத்தனை வருடம் கொழுவி வைத்தது என் பிழைதான். சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் வானம் ஊதா. மற்ற இடமெல்லாம் நீலம்!

ஓவியர் வான்கோவின் படுக்கையறைப் படத்துக்கும் இதே கதிதான். பிரான்ஸின் ஆர்ள் நகரில் 1888 இல் வரைந்தபோது சுவர்கள் ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு மங்கிப்போக, இப்போது பார்ப்பவர்கள் நீலச் சுவர் என்றே நினைக்கிறார்கள். மனுசன் இதெல்லாம் தெரியாமல் செய்யவில்லை. இந்த நிறங்கள் நிலைக்காது என்று தம்பி தேயோவுக்கு எழுதியிருக்கிறார். காலம் எப்படியும் தணித்துவிடும், இப்போதே தூக்கலாகப் போடுவோம் என்பது அவர் கணக்கு.

பைத்தியம் பிடித்ததால்தான் அப்படி வரைந்தார் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. காதை அறுத்துக்கொண்டது அந்த டிசம்பரில். ஆர்ளில் வரைந்த சூரியகாந்திப் படங்களோ ஓகஸ்டிலேயே ஆரம்பமாகிவிட்டன. அடுத்த மே மாதம் தானாகவே சென்-ரெமி மனநோயாளர் விடுதிக்குப் போனார். வருத்தம் முற்றிய நேரம் வர்ணத்தை எடுத்துத் தின்னப் பார்த்ததால் ரியூப்களைப் பறித்து வைத்தார்களாம். பெரும்பாலும் தெளிந்த நாட்களில்தான் வேலை. பிறகு ஓவேர் என்ற ஊரில் கடைசி எழுபது நாளில் ஏறக்குறைய எழுபது படங்கள் முடித்தார். நாங்கள் ஒரு கடைப் பெயர்ப்பலகைக்கே மூன்று கிழமை எடுத்தவர்கள்! 37 வயதில் எல்லாம் முடிந்தது, அதைப்பற்றிக் கதைக்க மனம் வரவில்லை.

வருத்தம் அவருக்குப் படம் கொடுக்கவில்லை மச்சான், நாட்களைத்தான் தின்றது. நீ தூரிகை தொடாமல் கிடந்த வருடங்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, படத்தை என்ன செய்ய? ஓரத்தைப் பார்த்து வானத்துக்கு ஊதா பூசவா, இல்லை அப்படியே விடவா? பூசுவதென்றால் நீ வந்து பூசு. உன் கை நடுங்கினாலும் பரவாயில்லை, என் கையும் அப்படித்தான்.

இப்படிக்கு,
உன் மச்சான்