ஊர்க் கல்லில் எண், பதிவேட்டில் பெயர்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் ஆணையர் அவர்களுக்கும் கல்வெட்டாய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில், பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் சிறிய கல் ஒன்று பதிந்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்; எண்கள் மட்டுமே மாறுகின்றன. சென்றவர் யார், திரும்பாதவர் யார், எந்தக் கடலுக்கு அப்பால் விழுந்தார் என்பதைக் கல் சொல்வதில்லை. இந்தக் கற்களைப் பற்றித்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

இறந்த வீரனுக்குக் கல் எடுப்பது தமிழர்க்குப் புதிதன்று என்பதைத் தங்கள் துறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் பகுதியின் நடுகற்களைப் படியெடுத்துப் பதிப்பித்ததே தங்கள் துறைதான். அந்தக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், பூசல் நடந்த இடம் இருக்கும், இன்னான் பட்டான் கல் என்ற முடிப்பும் இருக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகல் இன்னும் பழையது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கல்வெட்டறிஞர்கள் கணிக்கிறார்கள். கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் அது. மாடு கவரும் பூசலில் விழுந்த ஒருவனின் பெயர் இருபது நூற்றாண்டுகளைத் தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது. நூறாண்டுக்குச் சற்று முன்னே மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்கில்) இறந்தவனோ தன் சொந்த ஊரிலேயே ஓர் எண்ணாக நிற்கிறான். ‘பெயரும் பீடும் எழுதி’ நடுகல் நிறுத்தியதைப் பாடும் அகநானூறு, பெயரைத்தான் முதலில் வைத்தது. ஊர்ச்சுவரில் உள்ள கல்லில் அந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

இந்த முறை ஊர்களோடு நின்றுவிடவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடம் 1929-இல் திறக்கப்பட்டது. கல்லறை தெரியாமல் போனவர்களாக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நினைவுகூர எழுப்பப்பட்டது. அதில் பிரித்தானியப் படையின் கடைசிச் சிப்பாய் வரைக்கும் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியப் படைகளில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. மற்றவர்கள் ஒவ்வொரு படைப்பிரிவின் பெயருக்கும் கீழே, ‘மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று தொகையாக அடக்கப்பட்டார்கள். ஆனால் பிரான்சின் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில், 1927-இல் திறந்தபோதே, நான்காயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஐரோப்பியர் நடந்துபோய்ப் பார்க்கும் மண்ணில் பெயரும், அவர்கள் அதிகம் வராத மண்ணில் எண்ணும் வைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பதவி, இனம், சமயம் எதையும் பாராமல் இறந்தவர் ஒவ்வொருவரையும் பெயரால் நினைவுகூர்வது என்பது அந்த நினைவிடங்களை எழுப்பிய ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது கைப்பிழை என்று கடந்து போகக்கூடியதன்று.

அந்த ஆணையமே இதைப் பின்னர் ஒப்புக்கொண்டது. 1917-இல் ஏற்பட்டு, இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் எனப்படும் அந்த அமைப்பு, 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கணித்தது. மன்னிப்பும் கேட்டார்கள். அதற்கு முன்பே இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே ஒரு திருத்தம் நடந்திருந்தது. அங்கே எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரின் நினைவாக 1921-இல் சத்ரி என்ற மண்டபம் எழுந்தது. அவர்களின் பெயர்களைத் தாங்கிய கல் 2010-இல்தான் அதன் அருகே வந்தது. எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்தாலும் வந்துவிட்டது. நம் ஊர்களில் இன்னும் வரவில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. அந்த ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் பலரின் பதிவுகளில் படைப்பிரிவோடு தகப்பன் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், இறந்த நாள் ஆகியவையும் இருக்கின்றன. ஊர்க் கல் எண்ணைச் சொல்கிறது, பதிவேடு பெயரைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் தங்கள் துறையில் இருக்கிறார் என்பது என் நம்பிக்கை. ஏனென்றால் அந்தப் பதிவுகள் ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவை. திருநெல்வேலியைத் தின்னவெல்லி என்றும் திருச்சிராப்பள்ளியைத் ட்ரிச்சினோபொலி என்றும் எழுதிய கை, சிற்றூர்ப் பெயர்களை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முத்துசாமி மகன் ராமசாமி என்று ஒரே வட்டத்தில் மூன்று பேர் இருக்கலாம். இதைத் துப்பறிந்து அவிழ்க்கத் தமிழ்ப் பெயரும் தமிழ் நிலமும் அறிந்தவர் வேண்டும்; தேய்ந்த எழுத்தை மைப்படி எடுத்து வாசித்துப் பழகியவர் என்றால் இன்னும் நல்லது.

முதலில் ஊராட்சி தோறும் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு வேண்டும். கட்டடம் இடிபட்டால் கல்லும் செங்கல்லோடு போய்விடும் என்பதால் இது காத்திருக்கக் கூடாது. பிறகு பெயர் தேறியவர்களுக்கு, பழைய கல்லை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் தமிழில் ஒரு கல் வைக்கலாம். சுமைதூக்கியும் மண்வெட்டியும் போனவர்களையும் சேர்த்தே தேட வேண்டும். துப்பாக்கி ஏந்தாத அவர்களைக் குறித்த ஆவணங்கள்தான் மிகக் குறைவு. பெயர் கிடைக்காதவர்க்குக் கல்லில் இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அவர்கள் வெள்ளையனுக்காகத்தானே செத்தார்கள், அவர்களுக்கு எதற்குக் கல் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர் நின்ற மறு ஆண்டே பேரரசு கொடுத்த பரிசு ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். அவர்கள் கூலிக்குப் போனார்களா, வறட்சிக்குப் பயந்து போனார்களா, ஆள்சேர்ப்பவனின் நெருக்கடியில் போனார்களா என்று ஆளுக்கு ஆள் கதை வேறாக இருந்திருக்கும். ‘உயிர் நீத்தார்கள்’ என்ற கல்லின் வாசகத்தில் அந்தக் கதைகள் எல்லாம் மறைந்துபோகின்றன. எண்ணோடு நிறுத்திய பேரரசின் கணக்கை நாமும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பதுதான், என் பார்வையில், அந்தப் பேரரசுக்கு இன்றைக்கும் செய்யும் ஊழியம். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கப்பட்டு, ஜெர்மானியத் தரப்பின் குண்டுகளுக்கு முன்னால் சிதறி ஓடியது. ஓடியவர்களைப் பழித்து எழுதிய வரலாறுகள் உண்டு. அங்கே விழுந்தவர்களின் பெயர்களைச் சொந்த மண்ணில் யாரும் உரக்கப் படித்ததாக நான் அறியேன்.

இன்னொன்று, சிறியதாகத் தோன்றலாம். மகன் போனான், வரவில்லை என்பதோடு பல வீடுகளில் செய்தி நின்றிருக்கும். இறந்த நாள் தெரியாதவர்க்கு அமாவாசையில் தண்ணீர் இறைப்பது நம் வழக்கம். அந்தப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே நாளும் மாதமும் ஆண்டும் இருக்கின்றன. கல்லில் பெயரைப் பொறிக்கும்போது அந்த நாளையும் சேர்த்துப் பொறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்வெட்டுகளை வாசிக்கப் பழகிவரும் ஒரு குடிமகன்