கயலுக்கு, ம்யூனிக் முகவரிக்கு

அன்புள்ள கயல்,

போனில் உன் குரலில் ஒரு சலிப்பு தெரிந்தது. கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய தலைப்புகள், எனக்கு மட்டும் ஈஸ்ட்டின் ஹெச்4 என்ற ஹிஸ்டோன் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கும் வேலை என்றாய். அடுப்படியில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தாவரவியல் நடத்திய அம்மா சும்மா இருப்பாளா, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் ஹிஸ்டோன் என்றால் டிஎன்ஏவைப் பொட்டலம் கட்டும் சாமான், அவ்வளவுதான். ஒரு மனிதச் செல்லுக்கு இரண்டு மீட்டர் டிஎன்ஏ, அதை உட்கருவுக்குள் திணிக்க வேண்டுமே! எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டையில் டிஎன்ஏ சுற்றியிருக்கிறது என்று ரோஜர் கோர்ன்பெர்க் 1974-ல் சொன்னார். டிஎன்ஏ சுற்றிய அந்த உருண்டைதான் நியூக்ளியோசோம். 1997-ல் சூரிச்சில் லூகர், ரிச்மண்ட் குழுவினர் அதன் படிக அமைப்பைத் தெளிவாகக் காட்டினார்கள். பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோலத்தான். ஆனால் ஒன்றே முக்கால் சுற்றுகூட முழுதாக இல்லை. சுமார் 147 காரஇணைகள், அதாவது டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்.

அந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட எழுத்துகளைக் கட்டுப்பாட்டுப் புரதங்களால் எளிதில் தொட முடியாது. பிடியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு இழையில் ஏ எழுத்தே வரிசையாக வரும் டிஎன்ஏ விறைப்பானது, வளைந்து கொடுக்காது, அங்கே நியூக்ளியோசோம் சரியாக உட்காராது. ஹிஸ்டோன் வாலில் உள்ள லைசினில் அசிட்டைல் ஏறினால் அதன் நேர்மின்னூட்டம் போய்ப் பிடி தளரும்.

இப்போது உன் ஊர்க் கதைக்கு வருகிறேன். பாஸ்பேட் பஞ்சத்தில் விழித்துக்கொள்ளும் ஈஸ்ட் மரபணு பிஎச்ஓ5. அதைக் கட்டுப்படுத்தும் முன்பகுதியில் நியூக்ளியோசோம்கள் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன, பாஸ்பேட் பஞ்சம் வந்ததும் அவை அகன்றுவிடுகின்றன என்று ம்யூனிக்கில் வோல்ஃப்ராம் ஹோர்ட்ஸ் குழுவினர் 1986-ல் காட்டினார்கள். அந்த மரபணுவை முடுக்கிவிடும் பிஎச்ஓ4 என்ற புரதத்துக்கு அங்கே இரண்டு இருக்கைகள். ஒன்று திறந்தவெளியில், இன்னொன்று நியூக்ளியோசோமுக்குள். மரபணுவைப் படிக்கத் தொடங்க உதவும் டாட்டா பெட்டி என்ற எழுத்துத் தொடரும் ஒரு நியூக்ளியோசோமுக்கு அடியில்தான்.

மரபணு வேலை செய்ததால் நியூக்ளியோசோம் போனதா, அது போனதால் மரபணு வேலை செய்ததா? நானாக இருந்தால் இந்தக் கேள்வியிலேயே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பேன். கலிஃபோர்னியாவில் மைக்கேல் க்ரன்ஸ்டைனும் மின் ஹானும் செய்தது எவ்வளவு நேரடியான காரியம் பார்: ஈஸ்ட்டில் ஹெச்4 தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். நியூக்ளியோசோம்கள் குறைந்தன. பாஸ்பேட் தாராளமாக இருந்தும் பிஎச்ஓ5 விழித்துக்கொண்டது. இது 1988-ல். பொட்டலச் சாமான் என்று நாங்கள் ஒதுக்கியது உண்மையில் பிரேக்!

அப்புறம் உன் அமினோ அமிலம். ஹெச்4-ன் 45-வது அர்ஜினின்தானே? அது டிஎன்ஏவின் சிறு பள்ளத்துக்குள் கையை நுழைத்துப் பிடித்திருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தும் ஸ்விட்ச்-ஸ்னிஃப் இயந்திரம் பழுதான ஈஸ்ட்டில் சில மரபணுக்கள் ஊமையாகிவிடும். அந்த அர்ஜினினை மாற்றினால் இயந்திரம் இல்லாமலேயே அவற்றில் சில பேசத் தொடங்குகின்றன. ஒரே ஒரு அமினோ அமிலம்! இதைப் போய்ச் சின்ன வேலை என்கிறாயே.

எனக்குப் பிடித்தது என்னவோ செடிக் கதைதான். நார்விச்சில் வினோத் குமாரும் பிலிப் விக்கும் 2010-ல் அரபிடாப்சிஸ் என்ற சின்ன ஆய்வகச் செடியில் பார்த்தது: ஹெச்2ஏ.இசட் என்ற மாற்று ஹிஸ்டோன் உள்ள நியூக்ளியோசோம்கள் வெப்பம் ஏற ஏற இடத்தைக் காலி செய்கின்றன. அந்த ஹிஸ்டோனைச் சரியாகப் பொருத்த முடியாத செடி குளிரிலேயே வெயிலில் வளர்வதுபோல நீண்டு, சீக்கிரம் பூத்துவிடுகிறது. வகுப்பு நடத்திய காலத்தில் இது கையில் கிடைத்திருந்தால் பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சரி, எனக்கு இதைச் சொல். அர்ஜினினை ஹிஸ்டிடினாக மாற்றுகிறீர்களா, சிஸ்டீனாகவா? பாஸ்பேட் நிறைந்த தட்டிலும் பிஎச்ஓ5 கசிகிறதா என்று பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் என்னிடம் பேசு. அப்பா போனை வாங்கிவிட்டால் அங்கே குளிர் எத்தனை டிகிரி என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

அன்புடன்,
அம்மா