கேன் தண்ணீர், விலை, வீட்டு சர்வீஸ்: மரைன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொளத்தூரில் மீன் கடைக்குப் பஞ்சமில்லை. அத்தனை கடைகளையும் தாண்டி எங்கள் படியேறி வருகிறவர்கள் நீங்கள். வீட்டில் ஆபீஸ் அறை போட்டபோது மேஜைக்குப் பக்கத்தில் கடல் மீன் வளர்க்க ஒரு மரைன் டேங்கும் வைத்துவிட்டு, இன்றுவரை அதை விடாமல் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் உங்களில் பாதிப் பேர். அதற்கு முதலில் நன்றி.

மரைன் டேங்குக்காக நாங்கள் உப்புக் கலந்து விற்கும் கேன் தண்ணீரின் விலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். அதற்குள் ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "அவங்க கேன்ல தர்றது மெரினாவுல மொண்ட தண்ணி, அதான் மீன் செத்துப்போச்சு" என்கிறது அது. விலை அதிகம், போன் எடுப்பதில்லை என்றெல்லாம் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். இதற்கு அப்படி இருக்க முடியவில்லை.

எங்கள் கேனில் இருப்பது உப்புக் கலந்த ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரையும் மிச்சமிருக்கும் தாதுக்களை எடுத்துவிடும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டிய பிறகுதான் டிரம்மில் பிடிக்கிறோம். 500 லிட்டருக்கு 19 கிலோ மரைன் உப்பு (கால்சியம் போன்றவையும் சேர்ந்த கலவை), அதாவது லிட்டருக்கு 38 கிராம். முதலில் தண்ணீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, அதன் பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவோம். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றுசேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும். அந்தத் தண்ணீர் எதற்கும் உதவாது. ஒரு ராத்திரி சுற்றவிட்டு, மறுநாள் உப்பு 1.025 (ஒப்படர்த்தி; உப்பில்லாத தண்ணீர் என்றால் 1.000), ஆல்கலினிட்டி (பி.எச். இறங்காமல் தாங்கும் கார்பனேட் அளவு) 8.5 dKH, கால்சியம் 430 ppm என்று பார்த்த பிறகே கேனில் அடைக்கிறோம்.

எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். வீட்டில் ஆல்கலினிட்டி கிட் இருக்கும். கேனைத் திறந்ததும் நீங்களே சோதித்துப் பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி 7-ஐ ஒட்டித்தான் இருக்கும், கால்சியம் 400 சொச்சம். 8.5 காட்டும் தண்ணீர் பெரும்பாலும் மெரினாவிலிருந்து வந்ததாக இருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சென்னைக் கரையோரக் கடலில் உப்பும் இறங்கிவிடும். கூவமும் அடையாறும் வந்து விழும் கரையில் தண்ணீரை மொண்டு, வண்டியில் ஏற்றி, வடிகட்டி, கிருமி நீக்கி விற்பதைவிட உப்பு மூட்டை வாங்குவது லாபம். இது வியாபாரம் தெரிந்த எவருக்கும் புரியும்.

அப்படியானால் மீன் ஏன் சாகிறது? எங்களிடம் சோதனைக்கு வரும் தண்ணீரை வைத்துச் சொல்கிறோம். பெரும்பாலும் உப்பு 1.030-க்கு மேல் போயிருக்கிறது. காரணம், குறையும் தண்ணீரைக் கேன் தண்ணீரால் ஈடுகட்டுவது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஏசி ஓடும் அறையில் மூடியில்லாத 100 லிட்டர் தொட்டியிலிருந்து தினமும் ஒன்றரை லிட்டர் போகலாம். அதற்குப் பதில் ஒன்றரை லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றினால் தினம் 50 கிராமுக்கு மேல் உப்பு கூடும். பத்து நாளில் லிட்டருக்கு 35 கிராம் என்பது 40, அதாவது ஏறக்குறைய 1.030 ஆகிவிடும். தினசரி ஊற்றுவதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர், பழைய தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மாற்றும் வாட்டர் சேஞ்சுக்கு மட்டும் கேன். இதை பில் போடும்போதே சொல்கிறோம், இனி கேன் மூடியிலும் ஸ்டிக்கர் ஒட்டப்போகிறோம். குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை மீட்டர் வைக்காமல் ஊற்றாதீர்கள். ருசிக்காக அதில் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு பல மெஷின்களில் உண்டு. 80, 100 என்று டி.டி.எஸ். காட்டும், பின்னாலேயே பாசி வரும்.

உப்பை அளக்கும் கருவியிலும் ஒரு சங்கதி. முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே உப்பு அதிகமாகக் காட்டும். ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீர் வைத்து 0-க்குத் திருப்புவதைவிட, உப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) என்று தெரிந்த திரவம் ஒரு சொட்டு விட்டுச் சரிசெய்வதுதான் நம்பகம்.

ஆபீஸ் அறையில் டேங்க் வைத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. கதவு சாத்தி, ஏசி போட்டு, காலை முதல் மாலை வரை ஒருவர் உட்கார்ந்திருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அது தண்ணீரில் கரைந்து பி.எச். 7.8-க்குக் கீழே இறங்கும். உடனே பி.எச். பவுடர் கேட்டு வருகிறீர்கள். விற்றால் எங்களுக்குக் காசுதான், ஆனால் அதைப் போட்டால் ஆல்கலினிட்டி தாறுமாறாக ஏறுமே தவிர, பி.எச். அன்று மாலையே பழையபடி இறங்கிவிடும். ஜன்னலை அரைமணி நேரம் திறந்து வையுங்கள், அல்லது கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். அந்த அறையில் கொசு மருந்து மெஷின் வேண்டவே வேண்டாம். ஸ்கிம்மர் அந்தக் காற்றையும் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும்; இறால்தான் முதல் பலி.

குரல் பதிவில் சொல்லப்பட்ட அறிகுறிகளையும் கேட்டோம். செவுள் படபடவென அடிக்கிறது, வேவ் மேக்கர் (அலை உண்டாக்கும் மோட்டார்) ஓட்டத்தை எதிர்த்தே மீன் நிற்கிறது, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடம்பில் பொன்னிறத் தூசி தெரிகிறது, மூன்றே நாளில் எல்லாம் முடிகிறது. இது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயின் லட்சணம். புதிதாக வந்த மீனோடு வருவது அது. புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரில் வர வாய்ப்பில்லை. புது மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மெயின் டேங்கில் விடுங்கள். காப்பர் மருந்து போடுவதானாலும் அந்தத் தனித் தொட்டியில்தான், காப்பர் கிட் வைத்து அளந்து. மெயின் டேங்கில் ஊற்றினால் பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், இறாலும் நத்தையும் மிஞ்சாது. நோய் வந்த டேங்கில் ஆறு வாரத்துக்காவது மீன் விட வேண்டாம்.

பவளம் கேட்டு வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்: கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-லேயே பவளமும் கடல்குதிரையும் சேர்ந்துவிட்டன. "அடுத்த கடையில் தர்றாங்களே" என்று எங்களிடம் சொல்லிப் பயனில்லை.

உப்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் மூட்டையும் ஏறுகிறது. அதனால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து 20 லிட்டர் கேன் 380-லிருந்து 450 ரூபாய். காலி கேனைத் திருப்பித் தருகிறவர்களுக்கு 20 ரூபாய் கழிவு உண்டு. வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த சர்வீஸ் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டதால், ஆள் கிடைக்கும்வரை வருகை மாதம் ஒருமுறைதான். கேன் மாடிக்கு ஏற்றித் தரப்படாது.

யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் 100 மில்லி எடுத்து வாருங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் எண்ணெய் போகாது. உப்பு, ஆல்கலினிட்டி, நைட்ரேட் மூன்றையும் உங்கள் கண்முன்னே பார்த்துத் தருகிறோம். காசு வேண்டாம். அந்தக் குரல் பதிவை அனுப்பியவரும் வரலாம். கேன் எங்களுடையது என்றால் அதில் மீதி இருக்கும் தண்ணீரையும் கொண்டு வரட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதிப்போம்.

செவ்வாய் விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 முதல் இரவு 8 வரை கடையில் இருப்போம்.

நன்றியுடன்,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
கொளத்தூர், சென்னை