ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் விடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் உங்கள் பேப்பரில் முழுப் பக்கத்துக்கு வர ஆரம்பித்துவிட்டன. இனி தீபாவளி முடிகிற வரைக்கும் மதுரை விளக்குத்தூண் பக்கமும் சென்னை ரங்கநாதன் தெருவிலும் கூட்டம் குறையாது. அந்தக் கடைகளுக்குள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களைப் பற்றி இந்த நேரத்தில் எழுதினால் நாலு பேராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். நானும் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் பல வருஷம் நின்றவள். இப்போது வீட்டிலிருந்து தையல் வேலை பார்க்கிறேன்.

2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த ஒரு திருத்தத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கவைக்கக் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம். கேரளா இதை 2018-லேயே செய்துவிட்டது, அதுவும் சும்மா வரவில்லை, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடை கடையாக வேலை பார்த்த பெண்களைத் தையல்காரரான விஜி என்பவர் ஒன்று சேர்த்துக் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் வருஷக்கணக்கில் போராடித்தான் வந்தது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கை என்று சட்டம் போட்டார்கள். நமக்கு வர இத்தனை காலம் ஆனாலும் வந்ததே என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

சட்டம் வந்த பிறகு நிறையக் கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் போட்டார்கள். ஆனால் மூன்று கவுண்டருக்கு ஒன்று, அதுவும் தூண் ஓரத்தில். மத்தியானம் கடை ஈ ஓட்டும்போது ஒரு பெண் அதில் போய் உட்கார்ந்தால், மேலே இருக்கிற கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் புளோர் சூப்பர்வைசருக்குப் போன் வரும். அவர் வந்து சத்தமெல்லாம் போட மாட்டார். "அந்த அடுக்கு கலைஞ்சு கிடக்கு, மடிச்சு வைம்மா" என்பார். மடித்த சேலையையே திரும்ப உதறி மடிக்க வேண்டும். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது தடவை யாரும் உட்கார மாட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார், அதில் யாராவது உட்காருகிறார்களா என்று யார் பார்ப்பது?

"நடந்துகொண்டேதானே இருக்கிறார்கள், அது உடம்புக்கு நல்லதுதானே" என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடப்பது வேறு, ஒரே இடத்தில் நிற்பது வேறு. காலுக்கு இறங்கின ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கும். கவுண்டருக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், ரத்தக்குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் வருஷம் போகப் போகத் தளர்ந்துவிடும். இத்தாலியில் ராமஸினி என்ற மருத்துவர் 1700-லேயே, நின்றபடி தொழில் செய்கிறவர்களுக்கு இந்த நோய் வருவதை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் நரம்பு சுருட்டல் என்போம், டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள்.

அது எப்படி ஆரம்பிக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ராத்திரி செருப்பு இறுக்கும், கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் காலை வரைக்கும் மறையாது. அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் பச்சையாக நெளிந்து தெரியும். என்னோடு நின்ற ஒரு அக்காவுக்குக் கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்துக்கொண்டே இருந்தது, சொறிந்து புண்ணாகி, அந்தப் புண் மாசக்கணக்கில் ஆறவில்லை. டாக்டர் இறுக்கமான காலுறை போடச் சொன்னார், காலை உயரத்தில் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார், நிற்கவே கூடாது என்றார். நிற்காமல் அந்த வேலையை எப்படிப் பார்ப்பது? வேலையைத்தான் விட்டார்.

குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் இதற்கு மேல். கிரானைட் தரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதை விட வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஊழியர் கழிப்பறை மொட்டை மாடியிலோ கிடங்குக்குப் பின்னாலோ இருக்கும், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும், போய்வர இத்தனை நிமிஷம் என்று கணக்கு. அதனால் காலையில் ஒரு டம்ளர், சாப்பிடும்போது ஒரு டம்ளர், அதோடு சரி. ஏசி குளிரில் தாகமும் தெரியாது. விளைவு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, திரும்பத் திரும்ப மாத்திரை. மாதவிடாய் நாட்களில் எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இப்படி நிற்பவர்களில் பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள் எத்தனையோ பேர், தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்க்கிறவர்கள். வீட்டுக்குப் போன் பேசினால்கூடக் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், அம்மா பயந்துவிடுவாள் என்று.

உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்கிறார்கள் முதலாளிகள். பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பு விரித்த மெத்தையில் விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார், கல்யாணப் புடவையே அப்படித்தான் வாங்கினோம். யாருக்கும் மரியாதை குறையவில்லை. பேங்க்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் தருகிறார். அதே கடையில் கல்லாவில் இருப்பவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

தொழிலாளர் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆய்வுக்குக் காலையில் கடை திறக்கிற நேரத்தில் வராதீர்கள், ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் வாருங்கள். ஸ்டூலை எண்ணாதீர்கள். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை தடவை உட்கார்ந்தாய், எத்தனை தடவை பாத்ரூம் போனாய் என்று கேளுங்கள், கேட்கிறவர் ஒரு பெண் அதிகாரியாக இருந்தால் வாய் திறந்து சொல்வார்கள். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் உயரமான ஸ்டூல் இருக்க வேண்டும், உட்கார்ந்தபடியே பில் எழுதவும் துணி காட்டவும் வசதியாக. கழிப்பறை அதே மாடியில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதே 1947 சட்டம் சொல்வதையும் வருகைப் பதிவேட்டை வைத்துச் சரிபாருங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும்போது, நீங்கள் பார்த்து முடிவு செய்கிற அந்தப் பத்து நிமிஷம், எதிரில் நிற்கிற பெண்ணிடம் "நீ உட்காரும்மா, நாங்க பாத்துட்டுச் சொல்றோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

இப்படிக்கு,
முன்னாள் ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை